விசைப்பலகைக்குள் அடங்குமா ஊத்?

அரபு இசையில் தலைமை நரம்புக் கருவியாக மதிக்கப்படுவது ஊத். பாதிப் பேரிக்காய் போன்ற உடல், குட்டையான கழுத்து, பெரும்பாலும் 11 நரம்புகள், மெட்டுகள் கிடையாது. இன்று இக்கருவியைத் தொட்டறியாதவரும் அதன் ஒலியைத் தம் பாட்டில் சேர்த்துவிடுகிறார். எப்படி? கலைஞர் மீட்டும் சுரங்களைத் தனித்தனியே பதிவு செய்து கணிப்பொறியில் சேமிக்கிறார்கள். விசைப்பலகையில் ஒரு கட்டையை அழுத்தினால் அப்பதிவு ஒலிக்கிறது. இதுவே ஒலி மாதிரி. இது எந்த அளவுக்கு ஊத்? சற்று ஆராய்வோம்.

நிறையை முதலில் சொல்லிவிடுவோம். ஒலித்தகட்டுத் தரத்தில் ஒலியலை வினாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. எனவே தனிச் சுரம் ஒன்றைக் கேட்டால் அசலிலிருந்து பிரித்தறிவது கடினம். குறை, அடுத்த சுரத்துக்குச் செல்லும்போதே தொடங்குகிறது.

சிக்கனம் கருதி, ஒரே பதிவை வேகமாக ஓட்டி மேல் சுரங்களை உண்டாக்குவது உண்டு. ஒரு ஸ்தாயி உயர்த்தினால், 4 வினாடி ஒலிக்கும் சுரம் 2 வினாடியில் அடங்கிவிடும். ஊத்தின் நரம்புகள் பெரும்பாலும் இரட்டையாகக் கட்டப்பட்டவை. அவற்றின் நுண்ணிய சுருதி வேறுபாட்டால் விம்மல்கள் எழும் என்பதை இயற்பியலில் படித்திருப்பீர்கள். வினாடிக்கு 2 விம்மல்கள் 4 ஆகிவிடும். உடலின் ஒத்ததிர்வும் மேலேறுவதால் கருவியே சுருங்கியதுபோல் கேட்கும்.

இதைவிடப் பெரிய குறை சுருதியில் உள்ளது. விசைப்பலகை ஸ்தாயியை 12 சமபாகங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றும் 100 சென்ட். 'ராஸ்த்' என்னும் மகாமின் மூன்றாம் சுரமோ, ஆதார சுரத்திலிருந்து ஏறத்தாழ 350 சென்ட் உயரத்தில் நிற்கிறது. 300க்கும் 400க்கும் கட்டை உண்டு, 350க்கு இல்லை! சுருதி வளைக்கும் சக்கரத்தைத் திருப்பினால், வழக்கமான அமைப்பில் அதே தடத்தில் ஒலிக்கும் மற்றச் சுரங்களும் சேர்ந்தே வளைகின்றன.

நல்ல தொகுப்புகளில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனியே சுருதி சேர்க்கலாம். ஆனால் எந்த அளவுக்குச் சேர்ப்பது? அச்சுரம் ஊருக்கு ஊர் சற்றே இடம் மாறுகிறது. 1932இல் கெய்ரோவில் கூடிய அரபு இசை மாநாட்டில், ஸ்தாயியை 24 சமபாகங்களாக்குவது பற்றி அறிஞர்கள் வாதிட்டும் ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. கலைஞரின் விரலும் செவியும் அந்தந்தக் கணத்தில் தீர்மானிப்பதை ஓர் எண்ணில் எப்படி அடைப்பது?

கருவி வாங்க வசதியற்ற மாணவனுக்கு ஒலி மாதிரி நல்ல துணைதான். அதையே ஆசிரியராகக் கொள்வதில்தான் ஆபத்து. 100 சென்ட் படிகளில் மட்டுமே பழகிய செவி, நூற்றாண்டுகளாகப் பாடப்பட்ட சுரத்தை அபசுரம் என்று தள்ளிவிடும். ஆகவே, ஈராக்கின் முனீர் பஷீர் (1930–1997) வாசித்த தனி ஊத் இசையை ஒருமுறை கேளுங்கள். பிறகு கட்டையை அழுத்துங்கள். வேறுபாட்டை உங்கள் செவியே சொல்லும்.