கணினியில் பாரசீகம்: ஓர் எழுத்து, இரண்டு எண்கள்

பாரசீகம் அரபு எழுத்துகளால் எழுதப்படுகிறது. அரபியில் இல்லாத நான்கு ஒலிகளுக்குக் கூடுதல் எழுத்துகளும் உண்டு. அந்த நான்கைச் சேர்த்துவிட்டாலே பாரசீகத்துக்குப் போதும் என்ற எண்ணம்தான் குழப்பத்தின் வேர். விண்டோசின் 1256 ஆம் குறியீட்டுப் பக்கத்தில் அந்த நான்கும் இருந்தன. பாரசீக ‘யே’ இல்லை. ஆகவே அரபு ‘யே’யை வைத்தே தட்டெழுதினர். சொல்லின் இறுதியில் அரபு ‘யே’யின் கீழ் இரு புள்ளிகள் வரும், பாரசீக ‘யே’க்கு வராது. மற்ற இடங்களில் இரண்டும் ஒரே உருவம்.

ஒருங்குறி இவற்றுக்குத் தனித்தனி எண் தந்தது. அது சரியே. ஆனால் பழைய கோப்புகளில் ஒன்றும் புதியவற்றில் மற்றொன்றுமாக நின்றுவிட்டன. ‘ஈரான்’ என்ற பெயரிலேயே இந்த எழுத்து இருக்கிறது! கண்ணுக்கு ஒன்றான அப்பெயர் கணினிக்கு இரண்டு சொற்கள். இரண்டையும் சமமாகக் கொள்ளாத நூலகத் தேடலில், தன் நாட்டின் பெயரை இட்டுத் தேடும் மாணவருக்குப் பல நூல்கள் அகப்படாது. ‘காஃப்’ எழுத்துக்கும் இதே கதி.

‘மீரவம்’ (போகிறேன்) போன்ற சொற்களில் ‘மீ’ அடுத்த எழுத்தோடு ஒட்டவும் கூடாது, விலகவும் கூடாது. அதற்கென அகலமில்லாக் குறி ஒன்று உண்டு. அது விசைப்பலகையில் எளிதில் கிடைக்காதபோது பலர் முழு இடைவெளியே விடுகின்றனர். வரி முடிவில் சொல் இரண்டாக உடைகிறது. இதை எழுதுபவரின் கவனக்குறைவு என்று சொல்வது நியாயமன்று.