‘டக்!’

‘டக்!’ என்று ஒரு சத்தம். பித்தளைத் தகட்டில் 2.4 மில்லிமீட்டருக்கு அச்சு அசல் வட்டமாய் ஒரு துளை. ஓரத்தை விரலால் தடவிப் பார்க்கிறேன், பிசிறே இல்லை! மூன்று மாதமாக இந்தச் சுகத்தில்தான் மிதந்துகொண்டிருக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் பிறந்து, செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்த தாத்தாவின் மடியில் வளர்ந்தவன் நான். ரயில் பித்து தலைக்கேறாமல் என்ன செய்யும்? 1886-இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரையும், 1890-இல் ஆற்றைத் தாண்டிக் கிள்ளானுக்கும் ஒரு ரயில் தடம் வந்தது. அதில் பின்னாளில் ஓடிய இரும்பு ரயில் பெட்டியின் மாதிரியை 1:22.5 அளவில் செய்கிறேன். நம் மீட்டர் பாதைக்கு அந்த அளவில் 45 மில்லிமீட்டர் மாதிரித் தண்டவாளம் அப்படியே பொருந்திவிடுகிறது.

கஷ்டம் கொடுத்தது ஜன்னல். அதன் மூலைகள் வளைந்திருக்க வேண்டும். முதலில் டிரில்லைத்தான் எடுத்தேன். தகடோ அரை மில்லிமீட்டர். பிட்டின் வெட்டு ஓரம் முழுசாக இறங்கும் முன்பே நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்துவிடும். பிடிமானம் போனதும் பிட் ஆட்டம் போடும். வட்டம் கேட்டால் மூன்று மூலையோடு ஒரு ஓட்டை கிடைக்கும். சில சமயம் தகடே பிட்டில் ஏறிச் சுழலும். விரல் ஜாக்கிரதை!

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா பக்கம் நகைப் பட்டறை வைத்திருக்கும் பத்தர் ஒருவர் அந்தத் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இதைக் குடையாதீங்க. வெட்டுங்க.”

சொல்லிவிட்டு என் கையில் கொடுத்தார் ஒரு கைப்பஞ்சை. ரோப்பர் விட்னி நிறுவனத்தின் ஐந்தாம் நம்பர் ஜூனியர். அடடா, என்ன கருவி! மேலே பஞ்ச், கீழே அதற்கென்றே கடைந்த டை, நடுவில் மயிரிழை இடைவெளி. பிடியை அழுத்தினால் தகடு கத்தரிபட்டு, நெற்றிப் பொட்டு மாதிரி ஒரு வில்லை உதிரும். 3/32 அங்குலம் முதல் 9/32 வரை ஏழு ஜோடி. பஞ்சின் நடுவே ஒரு குட்டி முனை இருக்கிறது. ஊசியால் குறித்த புள்ளியில் அது போய் உட்காருவதைக் கையே சொல்லிவிடும். அந்த ஒரு கணத்துக்காகவே இதை வாங்கலாம்!

இப்போது ஜன்னலுக்கு நான்கு மூலையிலும் ‘டக், டக், டக், டக்.’ பிறகு நகை ரம்பத்தின் இழையை ஒரு துளையில் நுழைத்து அடுத்த துளை வரை நேராக ஓட்டினால் போதும். மூலை வளைவு தானாக வந்து நிற்கிறது.

கைப்பஞ்சின் வாய் சின்னது, பெரிய தகட்டின் நடுப்பகுதிக்கு எட்டாது. அங்கே மட்டும் தகட்டை இரண்டு பலகைக்கு நடுவில் இறுக்கிக் கட்டி டிரில் போடுகிறேன். பலகை பிட்டை ஆட விடுவதில்லை.

உதிர்ந்த வில்லைகளையும் கொட்டிவிட மனசு வரவில்லை. பெட்டியின் பின்விளக்குக்கு மூடி அவைதான்.

ஒரு பெட்டிக்கு 18 ஜன்னல், 72 துளை. இரண்டாவது பெட்டிக்கு நேற்றே தகடு வாங்கியாகிவிட்டது.