தலைவெட்டி முனியப்பன்: சிலையை அடையாளம் கண்டாச்சு, வழிபாடு யாருக்கு?

சேலம் பெரியேரி தலைவெட்டி முனியப்பன் கோயில் வழக்கில் 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னப்போ, எல்லாரும் பேசினது ஒண்ணுதான்: "அது முனியப்பன் இல்லை, புத்தர்." அதுல எனக்கு மறுப்பு இல்லை. என் கேள்வி தீர்ப்போட அடுத்த பகுதி பத்தினது.

முதல்ல ஆதாரம். புத்தர் அறக்கட்டளை 2011இல் போட்ட வழக்கு இது. நீதிமன்றம் கேட்டதால் மாநிலத் தொல்லியல் துறை சிலையை ஆய்வு செய்தது. தாமரைப் பீடத்தில் அர்த்த பத்மாசனம், கைகளில் தியான முத்திரை, சுருள்முடி, உச்சியில் முடிப்பு, நீண்ட காது மடல். துண்டான தலையைச் சிமெண்டும் சுண்ணாம்பும் வைத்து ஒட்டியிருக்காங்க. ஆத்தூர் பக்கத்துல தியாகனூரிலேயே பெரிய புத்தர் சிலைகள் இருக்கு. அதனால இந்த முடிவில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இதை வைத்து, புத்தரை முனியப்பனாக நடத்துவது பௌத்தக் கொள்கைக்கு விரோதம் என்றார். இடத்தை அறநிலையத் துறையிடமிருந்து தொல்லியல் துறை எடுத்துக்கொள்ளணும், புத்தர் சிலை என்று பலகை வைக்கணும், மக்கள் வந்து பார்க்கலாம், ஆனால் பூஜையோ சடங்கோ கூடாது என்று உத்தரவு.

இங்கேதான் தர்க்கம் தடுமாறுது. பௌத்தத்துக்கு நியாயம் செய்யணும்னா பௌத்தர்களுக்கு வழிபாட்டு உரிமை வந்திருக்கணும். வரலை. முனியப்பனைக் கும்பிட்டவங்களுக்கும் போச்சு. மத உரிமை பத்தின வழக்கில் இரண்டு தரப்புக்கும் கிடைச்சது ஒரு காட்சிப்பொருள்.

'பறிச்ச இடம் நாளானா சொந்தமாயிடுமா?' என்று ஒரு பௌத்தர் கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால் இன்னிக்குச் சூடம் ஏத்துறவர் அன்னிக்குத் தலையை வெட்டினவரோட வாரிசுன்னு எந்தச் சிற்ப ஆய்வும் சொல்லாது. கல்லைச் செதுக்கினவர் யாரை நினைச்சார் என்பது தொல்லியல் கேள்வி. இப்போ அங்கே யார் கும்பிடலாம் என்பது அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு சார்ந்த கேள்வி. முதல் கேள்விக்கான விடையை இரண்டாவதுக்கும் பொருத்தினா, நாட்டில் பல கோயில், மசூதிகளுக்கு அடியில் கடப்பாரை தேடிப் போகும். 1991 வழிபாட்டுத் தலங்கள் சட்டம் 1947 ஆகஸ்ட் 15ஐக் கோடாகப் போட்டது அதைத் தடுக்கத்தான். பழங்காலச் சின்னங்களுக்கு அதில் விலக்கு உண்டு, ஆனாலும் சட்டத்தின் நோக்கம் அதுதான்.

பாதுகாப்பும் பூஜையும் சேர்ந்தே இருக்க முடியும். நாமக்கல் மலையின் நரசிம்மர், ரங்கநாதர் குடைவரைகள் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை, தினமும் பூஜை நடக்குது. பெரியேரியிலும் 'இது புத்தர்' என்ற பலகை இருக்கட்டும், பௌத்தர்கள் அங்கே உட்கார்ந்து தியானம் செய்யட்டும், முனியப்பனை நம்புறவங்க விளக்கேத்த ஒரு இடமும் இருக்கட்டும். அந்த ஏற்பாட்டை ரெண்டு பேரையும் உட்கார வைச்சுத்தான் பேசி முடிக்கணும்.