எந்த பிட்ச், எந்தச் சுமைக்கு?

2018 நவம்பரில் எஃப்1 எச்2ஓ உலக வேகப்படகுப் போட்டியின் இந்தியச் சுற்று அமராவதியில், கிருஷ்ணா நதியில் நடந்தது. மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும் அந்த இரட்டை உடல் படகுகளில் புரொப்பெல்லர் முழுதாக நீருக்குள் மூழ்கியிருப்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் பிளேடு காற்றிலிருந்து நீரை வெட்டிக்கொண்டு இறங்கி, மறுபடி காற்றுக்கு ஏறும். அதன் பின்விளிம்பு நேர்கோடாக, தடித்து இருக்கும். கிளீவர் என்று அதற்குப் பெயர். நீர்ப்பரப்பும் காற்றும் திருப்பங்களும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து அணிகள் ஒன்றை மாட்டி, ஓட்டி, கழற்றி, இன்னொன்றை மாட்டுகின்றன. எது நேரத்தைக் குறைக்கிறதோ அதுவே தேர்வாகிறது. பந்தயத்தில் இந்த முறையைக் குறை சொல்ல முடியாது. படகில் ஏறுபவர் ஒருவர்தான், எரிபொருள் அளந்து ஊற்றப்படுகிறது, ஓடும் தொலைவும் முன்பே தெரியும். சிக்கல், இதே முறை பந்தயத்துக்கு வெளியே வரும்போது தொடங்குகிறது. ரோந்துப் படகானாலும் சுற்றுலாப் படகானாலும் கரைமீனவரின் ஃபைபர் படகானாலும், காலிப் படகைக் கடலில் விட்டு, திராட்டிலை முழுதாகத் திறந்து, ஜி.பி.எஸ்ஸில் உச்ச வேகம் எவ்வளவு என்று பார்த்து புரொப்பெல்லரை முடிவு செய்வது பரவலான வழக்கம். அந்த வழக்கத்தில் பயன் உண்டு. ஆனால் அது அளப்பது படகு ஒருநாளும் வேலை செய்யாத ஒரு நிலையை.

அவுட்போர்டு எஞ்சினின் புரொப்பெல்லரைக் கையில் எடுத்துக் குடத்தைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதலாவது விட்டம், அடுத்தது பிட்ச், இரண்டும் அங்குலக் கணக்கில். ஒரு முழுச் சுற்றில், நீர் நழுவாமல் இருந்தால், புரொப்பெல்லர் எவ்வளவு முன்னேறும் என்பதே பிட்ச். எஞ்சின் 5,500 சுற்றில் ஓடுகிறது, கியர் விகிதம் இரண்டுக்கு ஒன்று, பிட்ச் 13 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,750 தடவை சுழலும். கணக்குப்படி படகு மணிக்கு ஏறத்தாழ 54 கிலோமீட்டர், அதாவது 29 நாட் வேகத்தில் போக வேண்டும். நீர் திடப்பொருள் அல்லவே, நழுவும். நழுவல் ஐந்தில் ஒரு பங்கு என்றால் கிடைப்பது 23 நாட்டுக்குச் சற்று மேல். இதைப் பார்த்ததும், பிட்ச்சை 15 அங்குலமாக்கினால் வேகம் கூடும் என்று தோன்றுவது இயல்பு. காலிப் படகில், எஞ்சினுக்கு மிச்சத் திறன் இருந்தால், கூடவும் செய்யும். ஆனால் பிட்ச் ஓர் அங்குலம் ஏறினால் எஞ்சினின் சுற்று 150 முதல் 200 வரை இறங்கும் என்பது எஞ்சின்காரர்கள் எல்லோரும் கையாளும் கணக்கு. இரண்டு அங்குலம் ஏற்றியதற்கே 300, 400 சுற்று போய்விடுகிறது. இன்னும் சுமை ஏறவில்லை.

உச்ச வேகச் சோதனையை ஒரேயடியாகத் தள்ளிவிடக் கூடாது. புரொப்பெல்லரின் குறை வேறெப்படியும் தெரியாத இடத்தில் அது காட்டிக்கொடுக்கும். 1894இல் சார்லஸ் பார்சன்ஸ் தன் நீராவி டர்பைனைப் பொருத்திய டர்பினியா கப்பலைக் கடலில் விட்டபோது, அவ்வளவு திறன் இருந்தும் அது 20 நாட்டைக்கூட எட்டவில்லை. வேகமாகச் சுழன்ற ஒற்றைப் புரொப்பெல்லரின் பிளேடுகளில் அழுத்தம் தாழ்ந்து, நீர் குளிர்ந்த நிலையிலேயே கொதித்துக் குமிழியாகி, பிடிப்பு போய்விட்டிருந்தது. அவர் மூன்று தண்டுகளில் ஒன்பது புரொப்பெல்லர்களாகச் சுமையைப் பகிர்ந்து கொடுத்தார். 1897இல் ஸ்பிட்ஹெட் கடற்படை அணிவகுப்பில் அதே கப்பல் 34 நாட்டில் பாய்ந்தது. அளந்த வேகம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருக்காவிட்டால், பார்சன்ஸ் காரணத்தைத் தேடியே இருக்க மாட்டார். இன்றும் நழுவல் வழக்கத்துக்கு மீறி இருந்தால், பிளேடு வளைந்திருக்கிறதா, எஞ்சின் உயரமாக ஏற்றப்பட்டுக் காற்றை இழுக்கிறதா, குடத்துக்குள் இருக்கும் ரப்பர் புஷ் வழுக்குகிறதா என்று தேட வைப்பது அந்த வேக எண்தான்.

ஆனால் குறை கண்டுபிடிக்க உதவும் கருவி தேர்வுக்கும் உதவும் என்று சொல்ல முடியாது. ஆரணியில் பாவில் எத்தனை இழை என்று கணக்கிட்ட பிறகே தறிக்காரர் அச்சைத் தேர்ந்தெடுப்பார். நாடா எவ்வளவு வேகமாக ஓடும் என்று பார்த்து அச்சு மாட்டுபவர் இல்லை. படகில் பாவின் இடத்தில் இருப்பது சுமை. காலையில் இரண்டு ஆளும் காலிப் பெட்டிகளுமாகப் போன ஃபைபர் படகு, திரும்பும்போது மீனும் ஐஸும் ஈரவலையும் ஏற்றிக்கொண்டு வருகிறது. 15 அங்குல பிட்ச்சோடு காலியாக 5,100 சுற்றைத் தொட்ட எஞ்சின், இப்போது 4,600க்கு மேல் ஏற மறுக்கும். பல எஞ்சின்களுக்கு முழுத் திராட்டிலில் 5,000 முதல் 6,000 சுற்று வரை ஓட வேண்டும் என்று தயாரிப்பாளர் எழுதி வைத்திருக்கிறார். அதற்குக் கீழே இழுத்துப் பிடித்து ஓட்டினால் எரிபொருள் முழுதாக எரியாது, பிஸ்டனில் கரி படியும், வெப்பம் ஏறும். கண்ணுக்குத் தெரியும் இழப்பு வேறு. முன்முனை தூக்கி, பின்முனை அமிழ்ந்து, படகு நீர்மேல் சறுக்கும் நிலைக்கு ஏறவே ஏறாது. காலிப் படகில் ஜி.பி.எஸ் காட்டிய கூடுதல் வேகம், மீனோடு திரும்பும் பயணத்தில், அது தேவைப்படும் நேரத்தில் பார்த்துக் காணாமல் போகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பிட்ச் குறைந்த புரொப்பெல்லரை மாட்டினால் காலிப் படகில் எஞ்சின் வரம்பு மீறிச் சுழலும், அதுவும் கேடுதானே? கேடுதான். ஆனால் இரண்டு கேடுகளும் ஒரே எடையில் இல்லை. பிட்ச் குறைவாக இருந்தால், கையைச் சற்றுத் தளர்த்தி ஓட்டி எஞ்சினைக் காப்பாற்றிவிடலாம். பிட்ச் கூடிப்போனால் திராட்டிலை முழுதாகத் திறந்தும் ஒன்றும் ஆகாது, இல்லாத திறனைக் கையால் கூட்ட முடியாது. ஆகவே இரண்டுக்கும் நடுவே முடிவெடுக்கும்போது சுமை ஏறிய நிலையின் பக்கமே சாய வேண்டும். இரண்டாவது மறுப்பு எரிபொருள் பற்றியது. லேசான சுமையில் பாதித் திராட்டிலில் போகும்போது, கூடுதல் பிட்ச் குறைந்த சுற்றிலேயே அதே தூரத்தைக் கடக்கும், செலவும் குறையும். இதில் உண்மை இருக்கிறது. பயணிகள் குறைவாக, அமைதியான நீரில், ஒரே வேகத்தில் ஓடும் படகுக்கு இந்த வாதம் நிற்கும். சுமை நாளுக்கு நாள் மாறும் படகுக்கு நிற்காது.

வடிவத்தைப் பற்றியும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும். கிளீவரின் கவர்ச்சி பெரிது. ஆனால் பாதி நீரில் சுழலும் பிளேடு, படகு மெதுவாக ஊர்ந்து எழும் கட்டத்தில் பிடிப்பற்றுத் தத்தளிக்கும், பின்னோக்கி ஓட்டும்போது இன்னும் மோசம். அலையடிக்கும் முகத்துவாரத்தில் நின்று, திரும்பி, வலையெடுக்கும் படகுக்கு அது பொருந்தாது. உச்ச வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நாலு பிளேடு மாட்டினால், அலையில் பிடிப்பு விடாது, பின்முனையைத் தூக்கிக்கொடுக்கும், குறைந்த வேகத்திலும் சறுக்கல் நிலை நீடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மெலிந்தும் வளையாமலும் இருப்பதால் வேகத்தில் அலுமினியத்தை வெல்லும். மணல்மேட்டில் இடித்தால் கதை வேறு. அலுமினியப் பிளேடு வளைந்து அடியை ஏற்றுக்கொள்ளும், ஸ்டெயின்லெஸ் அந்த அடியைக் கியர் பெட்டிக்கு அனுப்பிவிடும். வேகமும் வேண்டும், ஆழமற்ற நீரும் வலைகளும் நிறைந்த கடலும் வேண்டும் என்றால் புரொப்பெல்லரையே கைவிடுவதும் ஒரு தீர்வு. எல் அண்ட் டி நிறுவனம் கடலோரக் காவல் படைக்காகக் கட்டிய 45 நாட் வேக இடைமறிப்புப் படகுகள் வாட்டர்ஜெட்டில் ஓடுபவை. அந்த விலையும் பராமரிப்பும் ஃபைபர் படகுக்காரருக்கு எட்டாது.

நம் கரைக்கு ஏற்ற உந்துமுறையைத் தேடிய வேலை சென்னையிலேயே நடந்திருக்கிறது. 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலையுடைக்கும் மணற்கரையில் நேரே ஏறி இறங்கும் படகுகளை 1980களில் வடிவமைத்தது. அவற்றுக்காக உருவான பாப் டிரைவில் தண்டும் புரொப்பெல்லரும் சுக்கானும் ஒன்றாக மேலே தூக்கப்படும். மணலில் இடிக்கும் முன் உயர்த்திவிடலாம். அத்திட்டத்தில் பணியாற்றிய படகு வடிவமைப்பாளர் ஓய்விண்ட் குல்பிரான்ட்சன், சிறு படகின் செலவைக் குறைக்க மெதுவாகச் சுழலும் பெரிய புரொப்பெல்லரையும், கடைசித் துளி வேகத்தைத் துரத்தாத ஓட்டத்தையும் வலியுறுத்தினார். அவர் பேசியது நீரைப் பிளந்து போகும் மெதுவான படகுகளைப் பற்றி. வேகப்படகுக்கு அந்த எண்கள் அப்படியே பொருந்தாது. அவர் தொடங்கிய இடம் பொருந்தும்: கரை எப்படி, சுமை எவ்வளவு, எந்த வேகத்தில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது.

விரைவே விலை என்பார்கள். முதலில் கரைசேரும் மீனுக்கு ஏலத்தில் நல்ல விலை என்பதை மறுப்பதற்கில்லை. அந்த விலைக்காகத்தான் சோதனை மாற வேண்டும். விற்பனையாளர் இரண்டு பிட்ச்சில் இரண்டு புரொப்பெல்லர்களைக் கொடுக்கட்டும். வழக்கமான மீன்சுமைக்கு ஈடாக மணல் மூட்டைகளையும் நிறைந்த எரிபொருள் தொட்டியையும் வைத்து, முழுத் திராட்டிலில் டேகோமீட்டரைப் படிக்கட்டும். எஞ்சின் தன் வரம்புக்குள் மேல்பாதியில் நிற்கும் புரொப்பெல்லரை மாட்டிவிட்டு, அதன் பிறகு ஜி.பி.எஸ் எடுத்து வேகத்தைக் குறித்துக்கொள்ளட்டும்.