பேச்சு இருக்கிறது, பதிவு இல்லை: அபர்டீன் பஜாரை முன்வைத்து

போர்ட் பிளேரில் ஒருவர் "பஜார் வரைக்கும் போயிட்டு வரேன்" என்று கிளம்பினால் அது அபர்டீன் பஜார்தான். மணிக்கூண்டைச் சுற்றி ஏறியும் இறங்கியும் போகும் தெருக்கள், துணிக்கடைகள், பாத்திரக்கடைகள், எட்டும் தூரத்தில் மோகன்புரா பேருந்து நிலையம். 2024 செப்டம்பரில் நகரத்தின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. தில்லியிலிருந்து அறிவிப்பு வந்த பிறகுதான் பஜார் அதைப் பற்றிப் பேசவே தொடங்கியது. ஊரைப் பற்றி இவ்வளவு பேசும் ஓர் இடத்துக்கு ஊரை நடத்துவதில் இவ்வளவு சிறிய பங்கு ஏன் என்பதே என் கேள்வி.

இந்தப் பேச்சின் பலத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மக்கள்தொகையில் தமிழர் ஏறத்தாழ 15 விழுக்காடு. வங்காளிகள், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சிக்காரர்கள், 1942க்கு முன்பே வேரூன்றிய 'லோக்கல் பார்ன்' குடும்பங்கள் என எல்லோரும் கடைவாசலில் அந்தமான் இந்தியில் கலந்துகொள்கிறார்கள். தங்கள் மொழிக்குள்ளேயே புழங்கும் அக்கம்பக்கங்களைக் கொண்ட பெருநகரங்களில் இது எளிதில் வாய்க்காது.

அடுத்தது நுணுக்கம். டீக்கடையில் "கப்பல் எப்போ?" என்று ஒருவர் கேட்டால் போதும். சென்னையிலிருந்து எந்தக் கப்பல் கிளம்பியது என்று ஒருவர் சொல்வார். ஹட்டோ துறையில் இன்னும் இடம் கிடைக்கவில்லை என்று சரக்கு இறக்கும் ஒருவர் திருத்துவார். காய்கறிக்கடைக்காரர் அதைக் கேட்டு நாளைய வெங்காய விலையைக் கணித்துவிடுவார். கோடையில் தண்ணீர்ப் பேச்சும் இப்படித்தான். தனிகாரி அணையில் நீர் இறங்கியதும், எந்தப் பேட்டைக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை குழாயில் வரும் என்பது பஜாருக்குத் தெரிந்துவிடும். தெருவைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் கடைக்காரர்களே அதைக் காக்கிறார்கள் என்று நகரியல் எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் நியூயார்க்கை வைத்து எழுதினார். அவருடைய வாதத்துக்கு அபர்டீன் நல்ல சாட்சி.

ஆனால் அறிந்தது எதுவும் ஏட்டில் ஏறுவதில்லை. அதற்கு மக்களின் அக்கறையின்மையைக் காரணம் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. அமைப்பே அப்படி இருக்கிறது. அந்தமானுக்குச் சட்டமன்றம் கிடையாது. துணைநிலை ஆளுநரின் நிர்வாகம், ஒரே ஒரு மக்களவை உறுப்பினர். அரசியலமைப்பின் 243எஸ் பிரிவு வார்டு குழுக்களைக் கட்டாயமாக்குவது மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகராட்சிகளுக்கு மட்டுமே. 2011 கணக்கில் போர்ட் பிளேரில் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர். ஆக, 24 வார்டு உறுப்பினர்களுக்குக் கீழே பொதுமக்கள் உட்கார்ந்து பேசக் கட்டாயமான மேடை எதுவும் இல்லை.

இதைவிடக் கனமான காரணம் ஒன்று உண்டு. இங்கே அரசுச் சம்பளத்தை நம்பியிருக்கும் குடும்பங்கள் ஏராளம். 1964ஆம் ஆண்டின் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிப்பதைத் தடுக்கின்றன. கடைவாசலில் சாக்கடை அடைப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் மனிதர், மனுவில் கையெழுத்து என்றதும் பின்வாங்குவது இதனால்தான். அவர் அண்ணன் பொதுப்பணித் துறையில் இருப்பார், மனைவி பள்ளி ஆசிரியையாக இருப்பார். 2020 ஏப்ரலில், தொற்று நோயாளிகளிடம் தொலைபேசியில் பேசியதற்காகவே குடும்பங்களை ஏன் தனிமைப்படுத்துகிறீர்கள் என்று ட்விட்டரில் கேட்ட உள்ளூர்ப் பத்திரிகையாளர் கைதானார். அந்தச் செய்தி சின்ன ஊரில் எவ்வளவு காலம் நின்று பேசும் என்று சொல்லத் தேவையில்லை.

பேச்சின் சொந்தக் குறைகளையும் மறைக்கக் கூடாது. கடைவாசலில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அதிலும் கடை வைத்திருப்பவர்கள். வண்டி நிறுத்த இடமில்லை என்ற குறை உரக்கக் கேட்கும். நடைபாதையில் கீரை விற்கும் பெண்ணுக்கு ஒதுங்க இடமில்லை என்பது கேட்காது. கார் நிக்கோபாரிலிருந்தோ கச்சலிலிருந்தோ கப்பலில் வந்து, சாமான் வாங்கிக்கொண்டு அடுத்த கப்பலுக்குக் காத்திருப்பவருக்கும் இது நகர மையம்தான். அவரை யாரும் கேட்பதில்லை. அச்சிலும் இடைவெளி இருக்கிறது. நிர்வாகம் நடத்தும் 'டெய்லி டெலிகிராம்ஸ்' ஆங்கிலத்தில், 'த்வீப் சமாச்சார்' இந்தியில். தமிழில் யோசித்த குறை அங்கே போய்ச் சேருவதற்குள் பாதி உதிர்ந்துவிடுகிறது.

இந்தக் குறைகளைச் சரிசெய்ய வழி இருக்கிறது. சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறக்கும் முன்பே, வாகனங்களை நிறுத்தி மக்களை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். ஆட்சேபித்த கடைக்காரர்களுக்கும் நடந்து பார்த்தவர்களுக்கும் பேச ஒரு பொதுவான அனுபவம் கிடைத்தது. அபர்டீனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டுமாவது இதைச் செய்து பார்க்கலாம். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடத்தை வியாபாரிகளுக்கும், அதில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கும் தருகிறது. கீரைக்காரப் பெண்ணின் குறை குறிப்பேட்டில் ஏற இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

கையெழுத்துப் பயத்துக்கும் மருந்து உண்டு. தமிழர் சங்கம், வணிகர் சங்கம், கோயில் கமிட்டி எல்லாம் இங்கே ஏற்கெனவே இருக்கின்றன. தனி ஆள் பெயரில்லாமல் சங்கத்தின் பெயரில், தெருவையும் தேதியையும் குறித்து, குறையை எழுதி நகராட்சிக்குக் கொடுத்து ரசீது வாங்கலாம். தமிழில் எழுதியதை இந்தியிலும் கூடவே வைக்கலாம். தற்போதைய நகராட்சி 2022 மார்ச்சில் தேர்ந்தெடுக்கப்பட்டது. அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் அந்த ரசீதுகளை நீட்டி, ஒவ்வொன்றுக்கும் என்ன ஆயிற்று என்று கேட்கலாம்.