‘செட்டு’ என்னும் சொல்லும் தொல்காப்பியர் நெறியும்

சென்னைச் சிந்தாதிரிப்பேட்டை 1734-இல் ஆளுநர் பிட் காலத்தில் நெசவாளர் குடியிருப்பாக அமைந்தது. அங்கு மறைத்தொண்டாற்றிய அமெரிக்கரான வின்சுலோ 1862-இல் தமிழ்-ஆங்கில அகராதி ஒன்றை வெளியிட்டார். செந்தமிழோடு வழக்குத் தமிழையும் தழுவுவதாக அதன் தலைப்பே கூறும். அந்நெறி போற்றற்குரியது. அதனைப் பின்பற்றி, இன்று அப்பேட்டைக் கடைத்தெருவில் வழங்கும் ‘செட்டு’ என்னும் சொல்லை அகராதியில் எங்ஙனம் அமைப்பது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஆக்சுபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் (1989) மிக நீண்ட பதிவு ‘செட்’ என்னும் சொல்லுக்கே உரியது. வைத்தல், ஞாயிறு மறைதல், பாகு இறுகுதல், கடிகாரம் திருத்தல் என அதன் வினைப்பொருள்கள் பல்கும். தமிழ் அவற்றுள் பெரும்பாலானவற்றை ஏற்கவில்லை. ஞாயிறு ‘செட்’ ஆயிற்று என எவரும் கூறார். தமிழர் அதனைப் பெயராகக் கொண்டு, தம் வினைகளைச் சேர்த்து வழங்குகின்றனர். ஆதலின் ஆங்கில அகராதியின் பொருள்வரிசையைப் பெயர்த்தெழுதுதல் தமிழ்ச் ‘செட்டு’க்கு விளக்கம் ஆகாது.

இதற்குரிய கருவி நம்மிடமே உண்டு. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லை வினையால் வேறுபடுவது, வேறுபடாதது என இருவகைப்படுத்தினார். முன்னதன் பொருள் வினை, இனம், சார்பு என்னும் மூன்றாலும் தெளியப்படும் என்றார். ‘செட்டுப் போட்டனர்’ எனின் படப்பிடிப்புக் களம். ‘செட்டுச் சேர்ந்தனர்’ எனின் கூட்டாளிகளின் குழு. ‘செட்டு ஆகவில்லை’ எனின் பொருத்தம். இவை வினையால் விளங்குவன. ‘பந்தலும் செட்டும் வந்தன’ என்புழி இனத்தால் ஒலிபெருக்கிக் கருவி விளங்கும். ‘ஒரு செட்டுக் கொடுங்கள்’ என்பது சிற்றுண்டிக் கடையில் பூரியையும், கூவத்தின் அக்கரைப் புதுப்பேட்டையில் வண்டி உதிரிப் பாகங்களையும் குறிக்கும். கவசம் பூண்டு நின்றவன் ‘மா’ கொணரச் சொன்னால் அது குதிரையே என உரையாசிரியர் காட்டும் சார்பும் இத்தகையதே.

இனி, சிக்கனம் என்னும் பொருளில் ‘செட்டு’ என்பது தமிழில் முன்னரே உள்ளது. ‘பாத்திரங்களைச் செட்டாக வாங்கினாள்’ என்னும் தொடர் சிக்கனமாக வாங்கினாள் எனவும், தொகுதியாக வாங்கினாள் எனவும் பொருள்படும். ஈண்டு வினை பொருளைப் பிரிக்கவில்லை. ஆகவே இரண்டாம் வகைக்குத் தொல்காப்பியர் கூறியவாறு வெளிப்படக் கிளந்தே சொல்லுதல் வேண்டும்.

பிறப்பால் இவை இரு சொற்கள் அன்றோ எனின், உண்மையே. ஒத்த வடிவச் சொற்களை எண்ணிட்டுப் பிரிக்கும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முறை இங்கும் ஏற்கத்தக்கது. எனினும் கேட்போன் செவியில் எண் ஒலிப்பதில்லை. பிறப்பு நோக்கிப் பிரித்தல் அகராதியின் பணி. வழக்கு நோக்கித் தெளிவித்தல் இலக்கணத்தின் பணி. இரண்டும் ஒரு பதிவில் இயைதல் வேண்டும்.

ஆகவே ‘செட்டு’ இரு தலைச்சொற்களாக நிற்றல் வேண்டும். கடன்சொல்லின் கீழ் அது ஏற்கும் தமிழ் வினைகளும், உடன்வரும் இனச் சொற்களும், வழங்கும் இடங்களும் எடுத்துக்காட்டுடன் தரப்பெறல் வேண்டும். ‘ஆங்கிலச் சொல்’ எனக் குறியிட்டு அமைவது, அச்சொல்லைத் தமிழர் என் செய்தனர் என்பதை மறைத்துவிடும்.