மெக்பெத்தைக் கத்தி எடுக்க வைத்தது எது?



மெக்பெத் ஏன் டங்கன் மன்னரைக் கொன்றான்? இந்தக் கேள்விக்கு மூன்றே வரியில் பதில் வந்துவிடும். சூனியக்காரிகள் ஆசை காட்டினார்கள், மனைவி தூண்டிவிட்டாள், அவனுக்குப் பேராசை. அவ்வளவுதான், பேனாவை மூடிவிடுவார்கள். தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால், நாடகத்தைப் படிக்காமல் கதைச்சுருக்கத்தை மட்டும் புரட்டிய ஒருவர்கூட இதை எழுதிவிடலாமே! உள்ளே போய்ப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அதைத்தான் உங்களோடு பேச நினைக்கிறேன்.

முதலில் சூனியக்காரிகள். நீ காடரின் பிரபு ஆவாய், பிறகு அரசனாவாய் என்றார்கள். கொலை செய் என்று ஒரு வார்த்தை உண்டா? தேடிப் பாருங்கள், கிடைக்காது. பக்கத்தில் நின்ற பாங்கோவுக்கும் வாக்குக் கிடைத்தது, அவன் வாரிசுகள் அரசாள்வார்கள் என்று. அவன் யாரையும் கொல்லவில்லை. காடர் பட்டம் கிடைத்த செய்தி காதில் விழுந்தவுடனே கொலை எண்ணம் மெக்பெத்தின் மனத்தில் எழுந்து அவனையே நடுங்க வைக்கிறது. அப்போது மனைவி அங்கே இல்லை. அவளுக்குக் கடிதம்கூட இன்னும் போகவில்லை. முழுப் பழியையும் அவள் தலையில் கட்டுகிறவர்கள் இந்தக் காட்சியை மறுபடி ஒருமுறை படிக்க வேண்டும்.

ஷேக்ஸ்பியர் இந்தக் கதையை ஹோலின்ஷெட்டின் வரலாற்று நூலிலிருந்து எடுத்தார். அந்த நூலில் டங்கன் கண்டிப்பில்லாத, ஆளத் தெரியாத மன்னர். தன் சின்ன வயது மகனை அவர் வாரிசாக அறிவித்ததால் மெக்பெத்துக்கு நியாயமான மனக்குறையும் உண்டு. பாங்கோ சதியில் கூட்டு. அரியணை ஏறிய மெக்பெத் முதல் பத்தாண்டுகள் நன்றாகவே ஆண்டான் என்றும் அங்கே இருக்கிறது. 1606 வாக்கில் நாடகத்தை எழுதும்போது ஷேக்ஸ்பியர் இவற்றையெல்லாம் கழித்துவிட்டார் அல்லது மாற்றிவிட்டார். பாங்கோவை நல்லவனாக்கியதற்கு அரசியல் காரணம் இருக்கலாம். அன்றைய மன்னர் ஜேம்ஸ் பாங்கோவின் வழிவந்தவராகக் கருதப்பட்டவர். மற்ற மாற்றங்களின் விளைவு என்ன? மெக்பெத்துக்குச் சாக்குச் சொல்ல ஒன்றுமே மிஞ்சவில்லை. காரணத்தை அவனுக்குள்ளேதான் தேடியாக வேண்டும்.

தேட வேண்டிய இடம் முதல் அங்கம், ஏழாம் காட்சி. மன்னர் உள்ளே விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். விருந்து கொடுப்பவன் பாதியில் எழுந்து வெளியே வந்து தனியாக நிற்கிறான். இவர் என் உறவினர், நான் இவருடைய குடிமகன், என் வீட்டுக்கு வந்த விருந்தாளி, கதவைக் காக்க வேண்டிய நானே கத்தி எடுக்கலாமா என்று எண்ணிப் பார்க்கிறான். கொலை செய்ய ஒரே ஒரு காரணம்தான் தேறுகிறது, பேராசை. அது போதாது என்றும் அவனுக்கே படுகிறது. மனைவி வந்ததும், இதை இத்தோடு விட்டுவிடுவோம் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறான்.

கவனிங்க, இங்கே பேராசை தோற்றுப்போய்விட்டது! நாடகம் இங்கேயே முடிந்திருக்கலாம்.

அப்படியானால் அடுத்து என்ன நடந்தது? லேடி மெக்பெத் அரியணையின் பெருமையை எடுத்துச் சொல்லி அவன் மனத்தை மாற்றவில்லை. அவன் அடுக்கிய நியாயங்களில் ஒன்றுக்குக்கூட அவள் மறுப்புச் சொல்லவில்லை. அவள் கேட்டது நம்ம பேச்சுவழக்கில் சொன்னால் ஒரே கேள்விதான்: நீயெல்லாம் ஒரு ஆம்பளையா? கோழையாகவே இருந்துடப் போறியா? அவனுக்கு ரோஷம் வருகிறது. ஆணுக்குத் தகுந்ததை எல்லாம் செய்வேன், அதற்குமேல் செய்பவன் ஆணே அல்ல என்று ஒரு நல்ல பதிலும் சொல்லிப் பார்க்கிறான். அந்தப் பதில் நிற்கவில்லை. அவள் விடாமல் பேசப் பேச, அடுத்து அவன் வாயிலிருந்து வருவது, தோற்றுவிட்டால் என்ன செய்வது என்பதுதான். செய்யலாமா என்ற கேள்வி காணாமல் போய், முடியுமா என்ற கேள்வி வந்து உட்கார்ந்துவிட்டது. என்னைக் கேட்டால், டங்கனின் உயிர் போனது அந்த இடத்தில்தான். கத்தி பிறகு வந்தது.

இந்த ரோஷம் அவனுக்கு எங்கிருந்து வந்தது? இரண்டாம் காட்சிக்குத் திரும்புங்கள். நாம் மெக்பெத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அவனுடைய புகழைக் கேட்கிறோம். எதிரியைத் தொப்புள் தொடங்கித் தாடைவரை கிழித்துப்போட்டான் என்று அடிபட்ட வீரன் ஒருவன் விவரிக்கிறான். அதைக் கேட்டு வாயாரப் பாராட்டுகிறவர் யார் தெரியுமா? டங்கன் மன்னரேதான்! வெட்டத் தெரிந்தவனே ஆண் என்று நம்புகிற ஒரு கூட்டத்தில், அந்த ஒன்றுக்காகவே மதிக்கப்பட்டவன் அவன். அவள் தொட்டது அவனுடைய பதவி ஆசையை அல்ல, இந்த மதிப்பை.

விடை எழுதும் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு சான்று மூன்றாம் அங்கத்தில் இருக்கிறது. பாங்கோவைக் கொல்ல ஆள் பிடிக்கிறான் மெக்பெத். நாங்களும் ஆண்கள்தாம் என்கிறார்கள் அவர்கள். நாய்களில் எத்தனையோ வகை இருந்தாலும் எல்லாவற்றுக்கும் நாய் என்றுதான் பேர், அதுபோலத்தான் நீங்களும் பட்டியலில் ஆண்கள் என்று குத்திக் காட்டுகிறான். மனைவி தன்மேல் போட்ட தூண்டிலை இப்போது அவனே பிறர்மேல் போடுகிறான். இந்தக் கொலை அவளுக்குத் தெரியவும் தெரியாது. இதன்பிறகு அவனை ஓட்டுவது பயம்தான். மெக்டஃபின் மனைவி மக்களைக் கொல்லச் சொல்லும்போது யோசிப்பதையே நிறுத்திவிடுகிறான். மனத்தில் தோன்றியதும் கை செய்துவிட வேண்டும் என்கிறான். ஏழாம் காட்சியில் அத்தனை யோசித்தவனா இவன் என்று நமக்கே திகைப்பாக இருக்கும்.

குடும்பமே அழிந்த செய்தி மெக்டஃபுக்கு வரும் காட்சியையும் இதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஓர் ஆணைப்போல் இதை எதிர்கொள் என்கிறான் இளவரசன் மால்கம். செய்கிறேன், ஆனால் ஓர் ஆணைப்போல் இந்த வேதனையை உணரவும் வேண்டுமே என்கிறான் மெக்டஃப். பழிவாங்கப் போகிறவன்தான் அவனும். ஆனாலும் ஆண்மை என்ற சொல்லுக்கு மெக்பெத் காதில் விழாத ஒரு பொருள் இந்த நாடகத்திலேயே இருக்கிறது என்பதை அந்த இடம் காட்டுகிறது. பேராசையைப் பற்றி மட்டும் எழுதினால் இந்தக் காட்சிக்கு விடையில் இடமே இருக்காது.

இப்போது கடைசிச் சண்டைக்கு வாருங்கள். பெண் வயிற்றில் பிறந்தவன் எவனாலும் உனக்கு ஆபத்தில்லை என்ற வாக்கை நம்பி நிற்கிறான் மெக்பெத். நான் முறைப்படி பிறந்தவன் அல்ல, தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன் என்று மெக்டஃப் சொன்னதும் அவனுக்குத் துணிவு போய்விடுகிறது. உன்னோடு சண்டை போடமாட்டேன் என்றே சொல்லிவிடுகிறான். உயிர் பிழைக்க ஒரு வாய்ப்பும் கிடைக்கிறது. அப்படியென்றால் சரணடை, ஊரார் வேடிக்கை பார்க்க உயிரோடு இரு என்கிறான் மெக்டஃப். அதைச் சொல்லும்போது அவனை அழைக்கும் சொல், கோழை. ஏழாம் காட்சியில் மனைவி சொன்ன அதே சொல். மெக்பெத் கேடயத்தை முன்னே பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போகிறான்.